நாபோத்தின் தோட்டமும் மன்னார்க் காற்றாடிகளும்

நம் தென்கோடிக் கடற்கரை மக்களுக்குக் காற்றைப் பற்றி எவரும் பாடம் சொல்லவேண்டியதில்லை. கச்சான் எப்பொழுது எழும், கொண்டல் எப்பொழுது திரும்பும், வாடைக் காலத்தில் எந்த மடையில் மீன் படும் என்பதையெல்லாம் நம் பங்குகளின் பெரியவர்கள் விரல் நுனியில் வைத்திருக்கின்றனர். அந்தக் காற்றிலிருந்து மின்சாரம் எடுப்பதும் நமக்குப் புதிதன்று. 1980-களின் பிற்பகுதியிலிருந்து ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் முப்பந்தல் வெளியிலும் காற்றாடிகள் எழத் தொடங்கின. இன்று தமிழ்நாட்டில் காற்றாலைகளின் மொத்தத் திறன் பத்தாயிரம் மெகாவாட்டைத் தாண்டி நிற்கின்றது. நாகர்கோவில் பேருந்தில் செல்லும் சிறுவர்கள் சன்னலோரம் அமர்ந்து அவற்றை எண்ணிக்கொண்டே போவதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம்.

அதே காற்றாடியை எதிர்த்து, தனுஷ்கோடி முனைக்கு எதிரே ஏறத்தாழ 30 கி.மீ. கடலுக்கு அப்பாலுள்ள மன்னார்த் தீவில், நம்மைப் போன்ற மீனவக் கத்தோலிக்கர் 2025-ஆம் ஆண்டில் வீதிக்கு வந்தனர். குருக்களும் துறவியரும் அவர்களோடு நின்றனர். செய்தியைப் படித்த நம் இளைஞர் சிலர் நம்மிடம் வந்து கேட்ட கேள்வி இதுவே: "உலகம் வெப்பமாகின்றது, நிலக்கரியையும் எண்ணெயையும் கைவிடுங்கள் என்று திருத்தந்தையே எழுதினார். காற்றாலையோ புகையில்லாதது. அதைத் திருச்சபை எதிர்ப்பது எப்படிப் பொருந்தும்?"

இது நேர்மையான கேள்வி. மழுப்பலான பதில் இதற்குப் போதாது. ஆதலால் மன்னாரில் நடந்தது என்ன என்பதைச் சற்று விரிவாகவே சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருவோம்.

மன்னார் என்னும் மண்

மன்னார் நமக்கு அந்நிய மண்ணன்று. புனித சவேரியார் காலத்தில் திருமுழுக்குப் பெற்று, 1544-இல் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் ஆணையால் வெட்டுண்டு மாண்ட மறைசாட்சிகளின் மண் அது. மடு அன்னையின் திருத்தலம் அம்மறைமாவட்டத்தில்தான் உள்ளது. யாழ்ப்பாண மறைமாவட்டத்திலிருந்து பிரிந்து 1981-இல் மன்னார் தனி மறைமாவட்டமாயிற்று. அடுத்த ஈராண்டுக்குள் நாடு போரில் மூழ்கியது. 2009 வரை நீடித்த அப்போரில் அம்மக்கள் எத்தனை முறை வீடு வாசலை விட்டு ஓடினர் என்பதற்கு, இராமேசுவரத்திலும் மண்டபம் முகாமிலும் அவர்களைக் கண்ட நம் மக்களே சாட்சி. தீவின் முஸ்லிம் மக்களும் 1990-இல் விடுதலைப் புலிகளால் ஒரே மூச்சில் வெளியேற்றப்பட்டனர். தலைநிலத்தில் முள்ளிக்குளம் என்ற கத்தோலிக்கச் சிற்றூரார் 2007-இல் வெளியேற்றப்பட்டு, அவ்வூரில் கடற்படை முகாம் எழுந்தது. பத்தாண்டு கழித்து ஒரு பகுதிதான் திருப்பித் தரப்பட்டது.

இதை ஏன் இங்கே சொல்கிறோமெனில், "அரசாங்கத்துக்கு இந்த நிலம் தேவைப்படுகிறது" என்ற சொற்றொடர் மன்னார் மக்களின் காதில் எவ்வாறு ஒலிக்கும் என்பதை இவ்வரலாறு தெரியாதவர் உணரமுடியாது.

தீவும் பெரிதன்று. நீளம் 26 கி.மீ. அளவு. அகலம் அதில் நாலிலொரு பங்கு இருந்தால் அதிகம். மணலும் பனையும் உப்பளமும் கலந்த தாழ்ந்த நிலம். பல இடங்கள் கடல் மட்டத்தை ஒட்டியே கிடக்கின்றன. வாடைமழை கொட்டும்போது நீர் வடிந்தோடும் வழிகள் மிகச் சில. குடிநீரோ, மணலுக்கடியில் உவர்நீரின்மேல் மெல்லிய ஏடு போல் மிதக்கும் நன்னீர்தான். அதன் மேலே பேசாலை, தாழ்வுபாடு, தலைமன்னார் முதலான ஊர்கள்.

தீவின் இன்னொரு குடிமக்கள் பறவைகள். மத்திய ஆசியாவிலிருந்தும் அதற்கு வடக்கிலிருந்தும் பனிக்காலத்தில் தெற்கே வருபவை இலங்கைக்குள் நுழையும் வாசல் மன்னார்தான். தீவின் எதிரேயுள்ள வங்காலைச் சரணாலயம் 2010-இல் ராம்சார் ஒப்பந்தத்தின்கீழ் உலக முக்கியத்துவமுள்ள நீர்நிலமாக ஏற்கப்பட்டது. கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் பிடித்துக் கருவி பொருத்திப் பறக்கவிட்ட கடற்பறவை ஒன்று இரசியாவின் வடதுருவக் கரைவரை சென்று, மீண்டும் மன்னாருக்கே வந்திறங்கியது. படைத்தவர் அதற்கு வழி சொல்லிக் கொடுத்திருக்கிறார் போலும்.

முப்பதிலிருந்து தொடங்கிய கதை

2020 டிசம்பரில் இலங்கை மின்சார சபை தீவின் தென்கரை நெடுக 30 காற்றாடிகளை நிறுவி முடித்தது. 'தம்பபவனி' என்று அதற்குப் பெயர். திறன் 103.5 மெகாவாட். பறவைக் கூட்டம் நெருங்கினால் கண்டறிந்து காற்றாடியை நிறுத்தும் ராடார் கருவியும் அங்கு வைக்கப்பட்டது. அதை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். எனினும் அதன் பின்னரே கரைவலை இழுப்போர், "முன்போல் மீன் கரைக்கு வருவதில்லை" என்றும், கரையோர ஊரார், "காற்றாடிக்குப் போட்ட பாதைகள் மழைநீரை மறிக்கின்றன, முன்பு இரண்டு நாளில் வடிந்த வெள்ளம் இப்போது வாரக்கணக்கில் நிற்கின்றது" என்றும் முறையிடத் தொடங்கினர்.

அம்முறையீட்டைக் கேட்டு ஆராய்ந்து பதில் சொல்லுமுன் அடுத்த திட்டம் வந்துவிட்டது. இந்தியாவின் அதானி நிறுவனம் மன்னாரிலும் பூநகரியிலும் மொத்தம் 484 மெகாவாட் அளவுக்குக் காற்றாலை அமைக்க 2023 பிப்ரவரியில் இலங்கை முதலீட்டுச் சபை ஒப்புதல் அளித்தது. முதலீடு 44 கோடி டாலருக்கு மேல். மன்னாரில் மட்டும் 52 காற்றாடிகள். பொது ஏலம் இல்லை. 2024-இல் அரசு ஒப்புக்கொண்ட விலை அலகுக்கு 8.26 அமெரிக்க சென்ட். (அதானி என்ற பெயரைக் கேட்டதும் இங்கே சிலர் கட்சி அரசியல் பேசத் தொடங்குவர். அது இக்கட்டுரையின் வேலையன்று.)

இதை எதிர்த்துச் சுற்றுச்சூழல் அமைப்புகள் இலங்கை உச்ச நீதிமன்றம் சென்றன. அப்போது மன்னார் ஆயராயிருந்த மேதகு இம்மானுவேல் பெர்னாண்டோ ஆண்டகையும் மனுதாரராக நின்றார். காட்டுயிர் ஆர்வலரும், கொழும்பு வழக்கறிஞரும், ஆங்கிலம் அறியாத கரைவலைத் தொழிலாளரும் ஒரே வழக்கின் பக்கத்தில் நின்றது அந்நாட்டில் அடிக்கடி காணக்கூடிய காட்சியன்று. ஆட்சி மாறிய பின் புதிய அரசு அந்த விலை ஒப்புதலை மீளப்பெற்றது. 2025 பிப்ரவரியில் நிறுவனம் தானே விலகிக்கொண்டது. தொடர்ந்து மன்னாரில் 50 மெகாவாட் காற்றாலைக்குப் போட்டி ஏலத்தில் கிடைத்த விலை 5 சென்டுக்கும் குறைவு! கேள்வி கேட்ட மக்களால் நாட்டுக்கு நட்டமா, இலாபமா என்பதை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளட்டும்.

ஆனால் காற்றாடிகள் நிற்கவில்லை. உள்நாட்டு நிறுவனங்கள் இரண்டு, 50 மெகாவாட்டும் 20 மெகாவாட்டுமாக, 14 காற்றாடிகளைத் தீவிலேயே நிறுவ வந்தன. 2025 ஆகஸ்டுத் தொடக்கத்தில் பெரும் வண்டிகளில் காற்றாடி உறுப்புகள் மன்னார் நகருக்குள் வந்தபோது மக்கள் வழிமறித்தனர். மன்னார் பிரஜைகள் குழு என்னும் அமைப்பு அவர்களை ஒழுங்குபடுத்தியது. போர்க்காலத்தில் காணாமற்போனோருக்காகக் குரல் எழுப்பிய அதே குழு. அதன் முன்னணியில் ஒரு குரு. இந்துக்களும் முஸ்லிம்களும் கத்தோலிக்கரும் இரவு பகலாக ஒரே பந்தலில் அமர்ந்தனர். முப்பது ஆண்டுப் போர் பிரித்துப் போட்டவர்களைக் காற்றாடி ஒன்றுசேர்த்தது.

ஆகஸ்டு 13-இல் குடியரசுத் தலைவர் அநுர குமார திசாநாயக்க அவர்களின் பிரதிநிதிகளை அழைத்துப் பேசி, ஒரு மாதம் வேலையை நிறுத்திவைத்தார். மாதம் கழிந்தது. ஒப்பந்தம் முடிந்துவிட்டது, இனி நிறுத்த இயலாது என்றது அரசு. செப்டம்பர் 26 இரவு காவல்துறையின் பாதுகாப்போடு உறுப்புகள் தீவுக்குள் கொண்டுவரப்பட்டன. வீதியில் நின்ற மக்கள்மீது பலம் பிரயோகிக்கப்பட்டது. பெண்களும் குருக்களும் அக்கூட்டத்தில் இருந்தனர். பலர் காயமுற்றனர். 29-ஆம் நாள் மன்னார் முழுவதும் கடையடைப்பு. இனி வரும் காற்றாலைகள் மன்னார் மக்களின் சம்மதமின்றித் தொடங்கப்படமாட்டா என்று அதன் பின்னரே அரசு அறிவித்தது. அந்தச் சொல்லை முதலிலேயே சொல்லியிருந்தால் அந்த இரவே நேர்ந்திராது.

மறுபக்கத்தையும் கேட்போம்

நம் மனம் மன்னார் மக்கள் பக்கம் சாய்வதை மறைக்கவில்லை. அதனாலேயே மறுபக்க நியாயத்தைக் குறைத்துச் சொல்லலாகாது.

2022-இல் இலங்கை பட்ட பாடு நமக்குத் தெரியும். எண்ணெய் வாங்க அந்நியச் செலாவணி இல்லை. மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டு. மாணவர் மெழுகுதிரியில் படித்தனர். அத்தகைய நாட்டுக்குக் காற்று இலவசமாக வரும் செல்வம். 2030-க்குள் மின்சாரத்தில் 70 விழுக்காட்டைப் புதுப்பிக்கத்தக்க வழிகளில் பெறுவது அந்நாட்டின் குறிக்கோள். இல்லையேல் நிலக்கரிதான். மன்னாருக்குத் தெற்கே, தலவில் புனித அன்னம்மாள் திருத்தலம் இருக்கும் அதே கற்பிட்டிக் கரையில், நுரைச்சோலையில் 900 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் புகை கக்கிக்கொண்டிருக்கிறது. அதையும் அன்று கத்தோலிக்க மீனவரும் திருச்சபையும் எதிர்த்தனர்; எதிர்ப்பை மீறி 2011-இல் முதற்பகுதி இயங்கத் தொடங்கியது. "நிலக்கரியும் வேண்டாம், காற்றும் வேண்டாம் என்றால் விளக்கை எதில் ஏற்றுவது?" என்று கொழும்பில் ஒருவர் கேட்டால், அவரைக் கொடியவர் என்று சொல்லிவிட முடியாது. கடல்மட்டம் உயர்ந்தால் முதலில் மூழ்குவதும் மன்னார் போன்ற தாழ்ந்த தீவுகளே.

மேலும், எதிர்ப்பாளர் சொல்வதெல்லாம் ஒரே எடையுள்ளவை அல்ல. விசிறி சுழல்வதால் மழைமேகம் ஓடிவிடுகின்றது என்ற பேச்சு காற்றாலை எழுந்த பல ஊர்களில் கிளம்புகின்றது. அதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை. அதை நம் மேடைகளில் சொல்லாமல் விடுவதே நன்று. பாதை போட்டு நீரோட்டத்தை மறிப்பது அப்படியன்று. அதைக் கண்ணால் காணலாம், அளக்கலாம், மதகு வைத்துத் திருத்தலாம். மீன் குறைந்ததற்குக் காற்றாடிதான் காரணமா, இழுவைப்படகுகளா, கடல் சூடாவதா என்பது பொறுமையாக ஆராய வேண்டிய ஒன்று. (இழுவைப்படகு என்றவுடன் நம் கரையினர் சிலர் முகம் சுளிப்பர். மன்னார் மீனவரின் வலையை அறுத்துச் செல்வன பெரும்பாலும் நம் பக்கத்துப் படகுகளே என்பதை அவர்கள் மறக்கவில்லை, நாமும் மறக்கலாகாது.)

மன்னார் மக்கள் "காற்றாலையே வேண்டாம்" என்று சொல்லவில்லை என்பதை இங்கே கவனிக்கவேண்டும். "இச்சிறு தீவுக்குள் வேண்டாம், தீவுக்கு வெளியே வையுங்கள்" என்பதே அவர்கள் கேட்டது. இவ்வளவு சிறிய கோரிக்கையைக் கேட்கச் செய்வதற்கு ஒரு வழக்கும், இரண்டு மாத மறியலும், உடைந்த மண்டைகளும் தேவைப்பட்டன.

நாபோத்து சொன்ன 'மாட்டேன்'

அரசர்கள் முதல் நூல் 21-ஆம் அதிகாரத்தில் நாபோத்தின் வரலாறு வருகின்றது. நாம் அதைப் பேராசைக்கு எடுத்துக்காட்டாகவே மறையுரைகளில் சொல்லிப் பழகிவிட்டோம். மீண்டும் ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். ஆகாபு மன்னன் முதலில் அநியாயமாக எதையும் கேட்கவில்லை. அரண்மனைக்கு அருகிலிருக்கும் திராட்சைத் தோட்டம் கீரைத் தோட்டம் போட வசதியாயிருக்கும் என்றான். அதற்குப் பதிலாக அதைவிட நல்ல தோட்டம் தருவதாகச் சொன்னான்; வேண்டாமென்றால் முழு விலையும் வெள்ளியாகத் தருவதாகச் சொன்னான். இன்றைய நில எடுப்பு அதிகாரி இதைவிட என்ன தரமுடியும்? கீரைத் தோட்டமும் பாவமான காரியமன்று.

நாபோத்து மறுத்தான். மூதாதையரின் உரிமைச் சொத்து, தரமாட்டேன் என்றான். அரசன் கட்டிலில் படுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டு உண்ணாமல் கிடந்தான். பாவம் அங்கேதான் தொடங்குகின்றது. ஒரு குடிமகனின் 'மாட்டேன்' என்ற சொல்லை அவனால் தாங்கமுடியவில்லை. பின்பு ஈசபேல் செய்தவை யாவும் வெளிப்பார்வைக்குச் சட்டப்படியானவை. அரச கடிதம், அரச முத்திரை, ஊர்ப் பெரியோரின் சபை, விதிப்படி இரண்டு சாட்சிகள். எழுத்தில் ஒரு குறையும் இல்லை. நாபோத்து மட்டும் கல்லெறியுண்டு கிடந்தான்.

நம் இளைஞருக்கான பதில் இவ்வதிகாரத்தில் அடங்கியிருக்கிறது. நோக்கம் நல்லதாயிருப்பது, கேட்காமல் எடுப்பதற்கு உரிமை தராது. 2015-இல் வெளிவந்த திருமடலில் மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் இரண்டையும் ஒருங்கே எழுதியிருக்கிறார். நிலக்கரி, எண்ணெய் ஆகியவற்றிலிருந்து உலகம் தாமதமின்றி விலகவேண்டும் என்றவர் அவரே. அதே மடலின் 183-ஆம் பத்தியில், சுற்றுச்சூழல் ஆய்வு என்பது திட்டம் முடிவான பின் செய்யும் சடங்காக இருக்கலாகாது, பேச்சுமேசையில் அவ்விடத்து மக்களுக்குத் தனி இடம் உண்டு என்று கற்பிப்பவரும் அவரே. காற்றாலை என்பதால் அப்பத்திக்கு விலக்கு இல்லை. 1931-இல் பதினொன்றாம் பத்திநாதர் வகுத்துச் சொன்ன சமூக ஒழுங்கும் இதுவே: கீழேயுள்ள சிறு சமூகம் தானே தீர்மானிக்கக் கூடியதை மேலேயுள்ள பெரிய சமூகம் பறித்துக்கொள்ளலாகாது.

இது ஏழை நாட்டுப் பிரச்சினை மட்டும் என்று எண்ணவேண்டாம். செல்வம் கொழிக்கும் நார்வே நாட்டில் ஃபோசன் பகுதியில் 151 காற்றாடிகள் நிறுவப்பட்டன. கலைமான் மேய்த்து வாழும் சாமி என்னும் பழங்குடியினரின் குளிர்கால மேய்ச்சல் நிலம் அது. அவர்களுடைய பண்பாட்டுரிமை மீறப்பட்டது, உரிமம் செல்லாது என்று 2021 அக்டோபர் 11-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தும் காற்றாடிகள் சுழன்றுகொண்டேயிருந்தன. 2023-இல் சாமி இளைஞர் தலைநகரில் அமைச்சக வாயிலை மறித்தபோது அவர்களோடு அமர்ந்தவர் கிரேட்டா துன்பர்க். பருவநிலைக்காகப் பள்ளியை விட்டு வீதிக்கு வந்த அதே பெண். காற்றாலையை விரும்புகிறவரே காற்றாலை வாயிலில் அமர நேர்ந்தது. பின்னர் உடன்படிக்கை ஏற்பட்டது: இழப்பீடு, வேறு மேய்ச்சல் நிலம், வருங்காலத்தில் மறுக்கும் உரிமை.

நம் கரைக்கும் வருகின்றது

இதையெல்லாம் அயல்நாட்டுச் செய்தியாக வாசித்துவிட்டு மூடிவைக்க நமக்கு வசதியில்லை. 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை 7,453 கோடி ரூபாய் ஒதுக்கி, கடலுக்குள்ளேயே காற்றாலை அமைக்கும் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. 500 மெகாவாட் குஜராத் கடலில், 500 மெகாவாட் தமிழ்நாட்டுக் கடலில். நம் தென்கடலின் காற்றுதான் இதற்கு ஏற்றதென்பது ஆய்வாளர் கருத்து. அது நல்ல திட்டமாகவே இருக்கலாம். ஆனால் தூண் நடும் இடத்தில் வலை விடலாமா, கேபிள் கரையேறும் ஊர் எது, கட்டுமான மாதங்களில் தொழில் நிறுத்தம் உண்டா, உண்டெனில் எவருக்கு எவ்வளவு என்பதைக் கரைமடிக்காரரிடமும் கட்டுமரக்காரரிடமும் எவர் வந்து சொல்வார்?

சட்டம் இதில் நமக்குப் பெரிய துணை அன்று. 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலில் காற்றாலை சேர்க்கப்படவில்லை. அனல்மின் நிலையம் வந்தால் மாவட்ட ஆட்சியர் தலைமையில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தியாக வேண்டும். நிலத்தில் காற்றாலை வந்தால் அந்தக் கட்டாயம் இல்லை. புகையில்லாததால் கேள்வியும் தேவையில்லை என்று கருதிவிட்டனர் போலும்!

எஞ்சியிருப்பது கிராமசபை. "குருக்களுக்கு இதில் என்ன வேலை?" என்று 2011-இல் இடிந்தகரை ஆலய முற்றத்தில் மக்கள் அமர்ந்தபோது கேட்டவர்கள் மீண்டும் கேட்பார்கள். கூட்டத்துக்குத் தலைமை தாங்குவது நம் வேலையன்று என்பதே நம் கருத்தும். மக்கள் போகவேண்டும், வரைபடத்தைக் கேட்டு வாங்கவேண்டும், தங்கள் சொற்களில் தீர்மானம் எழுதிப் பதிவேட்டில் ஏற்றவேண்டும். சம்மதம் என்றாலும் நிபந்தனைகளோடு எழுதலாம். மறுப்பு என்றாலும் காரணத்தோடு எழுதலாம். வாய்ப்பேச்சு கோப்பில் ஏறாது.

கிராமசபை தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கூடுகின்றது. அவற்றில் ஒன்று ஆகஸ்டு 15. அன்று தேவமாதாவின் விண்ணேற்புப் பெருவிழா ஆதலால், நம் கடற்கரைப் பங்குகளில் பெரும்பாலோர் ஆலயத்திலும் விருந்திலும் இருக்க, ஊர்க் கூட்டத்தில் நாற்காலிகள் காலியாகக் கிடக்கும். இவ்வாண்டு விழாத் திருப்பலியைக் காலை ஆறு மணிக்கே வைத்துக்கொள்ளலாம் என்று பங்குப் பேரவைகள் முடிவு செய்தால், கூட்டம் தொடங்கும் பதினொரு மணிக்குள் அனைவரும் அங்கே போய்ச் சேர்ந்துவிடலாம். தேர்ப்பவனி மாலையில்தானே?